ஊதா மூடிக் குழாயின் இரத்தத்தைச் சீரம் குழாயில் ஊற்றாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) பொட்டாசியம் மிக உயர்ந்து 7.8, மொத்தக் கால்சியம் மிகத் தாழ்ந்து 4.9, ஏ.எல்.பி. (ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி) வெறும் ஒற்றை இலக்கம். நோயாளியோ இயல்பாக நடமாடுகிறார், இ.சி.ஜி.யிலும் மாற்றம் இல்லை. மீண்டும் எடுத்த மாதிரியில் மூன்றும் சரியாக இருந்தன. விசாரித்தபோது கிடைத்த பதில்: “சிவப்பு மூடிச் சீரம் குழாயில் இரத்தம் போதவில்லை, ஊதாவிலிருந்து கொஞ்சம் சேர்த்தேன், ஒரே ஆளின் இரத்தம்தானே?”

ஒரே ஆளின் இரத்தம்தான். ஆனால் ஊதாக் குழாயில் இரத்தம் மட்டும் இல்லை, பொட்டாசியம் உப்பாக இ.டி.டி.ஏ.வும் இருக்கிறது. பொட்டாசியம் ஏறியதற்கு அந்த உப்பே காரணம். இ.டி.டி.ஏ. ‘இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து’ என்று மட்டும் கற்றுக்கொண்டதால்தான் இந்தத் தவறு ஓயாமல் நடக்கிறது. அது உறைதலை நேரடியாகத் தடுப்பதில்லை. உறைதலுக்குத் தேவையான கால்சியத்தை நண்டின் கொடுக்கு போலப் பற்றிக்கொள்கிறது, அதனால் உறைதல் நின்றுவிடுகிறது. அந்தக் கொடுக்கு கால்சியத்தோடு நிற்பதில்லை. துத்தநாகம், மெக்னீசியம் என்று கைக்கு எட்டும் உலோக அயனிகளையெல்லாம் பிடிக்கும். துத்தநாகத்தைக் கால்சியத்தைவிடப் பல மடங்கு இறுக்கமாகவே பிடிக்கும்.

ஏ.எல்.பி. சரிவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. இந்த நொதியில் வேதிவினை நடக்கும் இடமான ஒவ்வொரு வினைமையத்திலும் இரண்டு துத்தநாக அயனிகளும் ஒரு மெக்னீசியம் அயனியும் உள்ளன. அவை நொதிக்கு அழகு சேர்க்கும் ஒட்டுப்பொருள்கள் அல்ல. வினைபடுபொருளைப் பிடிக்கும் விரல்களே துத்தநாகங்கள்தாம். அந்த வினைபடுபொருளான பாஸ்பேட் எஸ்டர் உள்ளே வந்ததும் அதன் ஆக்சிஜன்களை அவை பற்றுகின்றன, எதிர்ப்புறம் நொதியின் அமினோ அமிலமான ஓர் அர்ஜினைன் தாங்குகிறது, அந்தப் பிடிக்குள் செரின் என்ற இன்னோர் அமினோ அமிலம் பாஸ்பரஸைத் தாக்கிப் பாஸ்பேட்டைத் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. பின்னர் துத்தநாகத்தோடு ஒட்டிய நீர் வந்து அதை விடுவிக்கிறது. துத்தநாகம் பறிபோனால் புரதச் சங்கிலி சிதையாமல் இருந்தும் பயனில்லை. எங்கள் கருவியில் நிறமற்ற பாரா-நைட்ரோபீனைல் பாஸ்பேட் உடைந்து, 405 நானோமீட்டரில் அளக்கத்தக்க மஞ்சள் நிறம் எழ வேண்டும், இ.டி.டி.ஏ. கலந்த சீரத்தில் அது வெளிறியே நிற்கிறது. பரிசோதனைக் கரைசலிலேயே துத்தநாகமும் மெக்னீசியமும் இருக்கின்றனவே என்று சக தொழில்நுட்பர்கள் கேட்பதுண்டு; அவற்றை நம்பி இந்த இழப்பை ஈடுகட்ட முடியாது.

இது ஆய்வகத்துக்குள் முடியும் சிக்கல் அன்று. இல்லாத பொட்டாசிய உயர்வுக்கு, அதைக் குறைக்கும் இன்சுலினை ஏற்றினால், நன்றாக இருந்தவருக்கு உண்மையாகவே பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கலப்பு சிறிதாக இருக்கும்போது கால்சியம் இயல்பாகவே தெரியும், பொட்டாசியம் மட்டும் ஏறியிருக்கும். நாங்களும் ஏமாந்துவிடக்கூடிய இடம் அதுதான்.

ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்கு எக்காரணம் கொண்டும் ஊற்றாதீர்கள். சீரம் குழாயை முதலில் நிரப்புங்கள், ஊதா பிறகு. சிரிஞ்சில் எடுத்தாலும் அதே வரிசைதான். அதன் முனை ஊதாக் குழாயின் உட்சுவரைத் தொட்டபின் வேறு குழாய்க்குப் போகக் கூடாது. மருத்துவர்களே, எதிர்பாராத பொட்டாசிய உயர்வோடு கால்சியமும் ஏ.எல்.பி.யும் சேர்ந்து சரிந்திருந்தால், இ.சி.ஜி. பார்த்துக்கொண்டே புதிய மாதிரி அனுப்புங்கள். இரத்தம் எடுப்பவர்களிடம் வேண்டிக் கேட்கிறேன்: போதவில்லை என்றால், இருப்பதை அப்படியே அனுப்பி, ‘குறைவு’ என்று எழுதிவிடுங்கள். இந்த மூன்று சோதனைகளுக்கும் சில துளி சீரம் போதும்.