நாவலைப் படிக்கிறோமா, நாட்டுக் குறிப்பைப் படிக்கிறோமா?

விடைத்தாள் திருத்தும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிற விஷயம் இது. ஷேக்ஸ்பியர் நாடகம் என்றால் பாத்திரத்தின் மனப்போராட்டம், காட்சி அமைப்பு, மொழி என்று அழகாக எழுதும் மாணவர்கள், ஆப்பிரிக்க நாவல் வந்ததும் ‘இந்நாவல் அம்மக்களின் பண்பாட்டைப் படம்பிடித்துக் காட்டுகிறது’ என்று தொடங்கி, கல்யாணச் சடங்கு, அறுவடைத் திருவிழா, தெய்வ நம்பிக்கை என்று பட்டியல் போட்டு முடித்துவிடுகிறார்கள். ஒன்று கலை, இன்னொன்று தகவல். இந்தப் பாகுபாடு தங்கள் மனதில் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

இந்த நூல்கள் பாடத்திட்டத்துக்குள் சும்மா வந்துவிடவில்லை. 1968-ல் கென்யாவின் நைரோபியில், பல்கலைக்கழக ஆசிரியராக இருந்த எழுத்தாளர் கூகி வா தியாங்கோவும் அவருடைய சக ஆசிரியர்கள் இருவரும், ஆங்கிலத் துறையையே எடுத்துவிட்டு ஆப்பிரிக்க இலக்கியத்தை நடுவில் வைத்து ஒரு துறை அமைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்படி வாதாடிப் பெற்ற இடத்தில் உட்கார்ந்துகொண்டு சடங்குப் பட்டியல் எழுதுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ நாவலையே எடுத்துக்கொள்வோம். 1958-ல் வந்தது, 25 அத்தியாயங்கள். முதல் 13 அத்தியாயங்கள், அதாவது பாதிக்கு மேல், வெள்ளைக்காரர்கள் வந்து இறங்குவதற்கு முந்தைய, நைஜீரியாவின் இக்போ இன மக்களின் வாழ்க்கைதான். அதைப் பண்பாட்டு அறிமுகம் என்று வேகமாகப் புரட்டிவிட்டு ‘கதை இனிமேல்தான்’ என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் நாவலின் நாயகன் ஒகொன்க்வோவின் வீழ்ச்சிக்கான விதை முழுவதும் அங்கேதான் கிடக்கிறது. அப்பாவைப் போல் ஆகிவிடக்கூடாது என்ற பயம், தன்னை அப்பா என்று கூப்பிட்ட பையனையே வெட்டுகிற அளவுக்குப் போகிறது. அப்புறம் கடைசிப் பக்கம். ஒரு வெள்ளைக்கார மாவட்ட அதிகாரி, தான் எழுதப்போகும் புத்தகத்தில் இந்த மனிதனைப் பற்றி ஒரு பத்தி எழுதலாம் என்று கணக்குப் போடுகிறார். இவ்வளவு நேரம் நாம் கூடவே வாழ்ந்த ஒருவன், ஒரு பத்தி! சடங்குப் பட்டியலோடு விடையை முடிக்கும்போது நாமும் அந்த அதிகாரி செய்ததைத்தான் செய்கிறோம்.

இன்னொரு புகார், ‘இதில் கதையே நகரவில்லை மேடம்’. முரசாகி ஷிகிபுவின் ‘கெஞ்சி கதை’ படிக்கும்போது இது கட்டாயம் வரும். பதினோராம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஜப்பானில், அரசவையில் இருந்த ஒரு பெண் எழுதியது. 54 அத்தியாயங்கள், ஏறக்குறைய 800 கவிதைகள். கவிதை வந்ததும் தாண்டிப் போய்விடுகிறார்கள், பிறகு ஒன்றும் நடக்கவில்லை என்கிறார்கள். நடப்பதே அங்கேதான்! நேரில் முகம் பார்ப்பதே அரிதான அந்த உலகத்தில் ஆணும் பெண்ணும் கவிதை அனுப்பித்தான் நெருங்குகிறார்கள், விலகுகிறார்கள். பதில் எவ்வளவு சீக்கிரம் வந்தது, எந்தத் தாளில், எப்படிப்பட்ட கையெழுத்தில் வந்தது என்பதெல்லாம்கூடக் கதைதான். ஐரோப்பிய நாவலில் பழகிய கண்ணை வைத்துக்கொண்டு திருப்பத்தைத் தேடினால் கிடைக்காது. எந்த மொழிபெயர்ப்பு கையில் இருக்கிறது என்பதையும் பாருங்கள்; ஆர்தர் வேலியின் புகழ்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பில் ஓர் அத்தியாயம் முழுதாகவே விடுபட்டிருக்கிறது.

ஒரே நாவலை வைத்து ஒரு மக்களைப் பற்றித் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அச்செபேயைப் படித்த கையோடு ஃப்ளோரா ந்வாபாவின் ‘எஃபுரு’வைப் படியுங்கள், 1966-ல் வந்தது. அதே இக்போ உலகம்தான், ஆனால் நடுவில் நிற்பவள் வியாபாரம் செய்யும் ஒரு பெண். அவளோடு சந்தைக்கும் ஏரிக்கரைக்கும் போய்வந்தால், அச்செபே எதையெல்லாம் ஓரத்தில் வைத்தார் என்பது தெரியும். அவர் குறைத்துவிட்டார் என்று சொல்ல வரவில்லை. ஒகொன்க்வோவின் பார்வைக்கு எட்டியது அவ்வளவுதான் என்று அப்போது புரியும்.

அடுத்த முறை ‘பண்பாட்டைக் காட்டுகிறது’ என்ற வரி பேனா முனையில் வந்து நின்றால், அதை அடித்துவிட்டு, யார் கண் வழியாகக் காட்டுகிறது, எதை முன்னால் சொல்லி எதைப் பின்னால் வைத்திருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். சடங்கைப் பற்றியும் எழுதலாம், தப்பே இல்லை. அது அந்த அத்தியாயத்தில் ஏன் வருகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.