எல்டர் என்றால் முதியவரா?

திரையில் 19 வயதுப் பையன் ஒருவன். வெள்ளைச் சட்டை, டை, சட்டைப் பையில் கறுப்பு பேட்ஜ். கதவைத் தட்டிவிட்டுச் சிரிக்கிறான். கீழே ஓடும் சப்டைட்டில்: “வணக்கம், நான் முதியவர் ஜான்சன்.” மீசைகூட ஒழுங்காக முளைக்காத முதியவர். இன்னொரு படத்தில் அவனே ‘பெரியவர் ஜான்சன்’ ஆகிறான். செய்தித்தாளுக்கு வந்தால் ‘அமெரிக்கப் பாதிரியார்’. மூன்றும் தவறு. ஒவ்வொன்றும் வேறு வகையில் தவறு என்பதால் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பேட்ஜில் உள்ள சொல் எல்டர். மார்மன்கள் என்று உலகம் அழைக்கும் சபையின் மிஷனரி இளைஞர்களுக்கான பட்டம் அது. (சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. ‘மார்மன்’ என்ற செல்லப்பெயர் வேண்டாம் என்று 2018இல் அன்றைய தலைவர் ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார். வாசகருக்குத் தெரிந்த பெயர் என்பதற்காக மட்டும் இங்கே அதை வைத்திருக்கிறேன்.)

வேர் எளிது. பழைய ஆங்கிலத்தில் ‘வயதான’ என்ற சொல்லின் ஒப்பீட்டு வடிவம். ‘இன்னும் மூத்த’ என்று பொருள். விவிலியத்தின் கிரேக்கச் சொல்லான பிரெஸ்பிட்டெரோஸ் என்பதற்கு ஈடாக அதை ஆங்கிலத்தார் வைத்துக்கொண்டார்கள். அந்தக் கிரேக்கச் சொல்லே தேய்ந்து தேய்ந்து ‘பிரீஸ்ட்’ என்றும் ஆனது. அதாவது எல்டரும் பிரீஸ்டும் ஒரே கிரேக்கச் சொல்லால் பங்காளிகள் ஆனவை: ஒன்று மொழிபெயர்ப்பு, மற்றது வழித்தோன்றல்.

வேரில் வயது இருப்பதால் ‘முதியவர்’ சரிதானே என்று கேட்பவர்கள் உண்டு. வேரைத் தோண்டி எடுத்து அப்படியே ஊன்றினால் இதுதான் நடக்கும். ஷேக் என்ற அரபுச் சொல்லுக்கு முதற்பொருள் கிழவர். செனட் என்பதன் வேரிலும் லத்தீன் கிழவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கல்லூரி விடுதியில் 20 வயதுப் பையனை ‘சீனியர்’ என்கிறோம். யாராவது அவனைக் கிழவன் என்று மொழிபெயர்க்கிறோமா? ஏன், நம் அரசு அலுவலகங்களில் நாள்தோறும் சண்டை நடக்கும் ‘பணிமூப்பு’ என்ற சொல்லில் உள்ள மூப்புக்கும் நரைக்கும் என்ன தொடர்பு? 28 வயதுக்காரர் 40 வயதுக்காரரைவிடப் பணிமூப்பில் முன்னால் நிற்கலாம். இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் பௌத்தத் துறவிகளைத் தேரர் என்று எழுதுகின்றன. பாலியில் தேர என்றால் மூத்தவர். 20 வயதில் முழுத் துறவு பெற்றவர் பத்து ஆண்டுகள் கழித்து 30 வயதில் தேரர் ஆகிவிடலாம். அங்கே துறவுக்கு வயது எண்ணப்படுகிறது, உடம்புக்கு அல்ல.

எல்டருக்கும் அப்படித்தான். அது ஒரு பொறுப்பின் பெயர். இந்தச் சபையில் சம்பளம் வாங்கும் உள்ளூர்க் குருமார் கிடையாது. தகுதியுள்ள ஆண்கள் எல்லோருக்கும் படிப்படியாக ஆசாரியத்துவம் (குருத்துவப் பொறுப்பு) தரப்படுகிறது. 12 வயதை எட்டும் ஆண்டில் டீக்கன், 14இல் டீச்சர், 16இல் பிரீஸ்ட். இவை விவிலியக் குருவான ஆரோனின் பெயரால் அமைந்த கீழ்நிலை. இன்னொரு விவிலியக் குருவான மெல்கிசேதேக்கின் பெயரால் அமைந்த மேல்நிலையின் முதல் பொறுப்பு எல்டர். 18 வயதுக்கு மேல், தலையில் கைவைத்து ஜெபித்து அதைத் தருகிறார்கள். மிஷன் பணிக்குப் புறப்படும் இளைஞன் அதற்குமுன் எல்டராகியிருக்க வேண்டும். 2012இல் அன்றைய தலைவர் தாமஸ் மான்சன் மிஷன் வயதை ஆண்களுக்கு 19இலிருந்து 18 ஆகக் குறைத்தார். அதே விளியைத்தான் சபையின் உயர்மட்டத் தலைவரான, எண்பதைக் கடந்த அப்போஸ்தலருக்கும் போடுகிறார்கள். அவரை ‘முதியவர்’ என்று எழுதினால் கண்ணில் படாமல் போய்விடும். பையன் வரும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது.

இனி பாதிரியார். போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த ‘பாத்ரே’ தந்த சொல். தந்தை என்று பொருள். குருப்பட்டம் பெற்றவர், பலிபூசை நடத்துபவர் என்றெல்லாம் தமிழ் வாசகர் மனத்தில் அதற்கு ஓர் உருவம் உண்டு. மார்மன் சபையிலோ ஞாயிறு ஆராதனையில் அப்பத்தையும் தண்ணீரையும் (திராட்சை ரசம் இல்லை, தண்ணீர்தான்) ஆசீர்வதிப்பது பெரும்பாலும் 16, 17 வயதுப் பையன்கள். பிரீஸ்ட் என்ற படியைக் கடந்துதான் எல்டர் வருகிறான். அவனைப் பாதிரியார் என்று எழுதுகிறவர், மரியாதை கூட்டுவதாக நினைத்துக்கொண்டு ஒரு படி கீழே இறக்குகிறார்.

வாழ்க்கையைப் பார்த்தாலும் பாதிரியாருக்கு உரியது எதுவும் அங்கே இல்லை. பணிக்காலம் ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. அமெரிக்காவின் யூட்டாவில் விண்ணப்பித்தவனுக்கு பிரேசில் வரலாம், ஜப்பான் வரலாம், பக்கத்து மாநிலமும் வரலாம். செலவு அவனுடையது, அல்லது அவன் வீட்டுடையது. அமெரிக்காவிலிருந்து போகிறவர்களுக்கு மாதம் 400 டாலராக இருந்த தொகை 2020 ஜூலையில் 500 ஆனது; இரண்டு ஆண்டுக்கு 12,000 டாலர். காலை 6.30க்கு எழுந்து, அரை மணி உடற்பயிற்சி, பிறகு வேதப் படிப்பு, புதிய நாடென்றால் மொழிப் படிப்பு, 10 மணிக்குத் தெருவில் இறங்குவது, இரவு 9 மணிவாக்கில் அறைக்குத் திரும்பி மறுநாளுக்குத் திட்டம், 10.30க்கு விளக்கை அணைப்பது என்பது பல காலம் இருந்த அட்டவணை. 2017இல் உள்ளூருக்கு ஏற்பச் சற்றே தளர்த்தினார்கள். வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, காய்கறி வாங்க, வீட்டுக்கு எழுத. அதன் பெயர் ‘ஆயத்த நாள்’. ‘விடுமுறை நாள்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். அன்று மாலையே மறுபடி வேலைக்குக் கிளம்பிவிட வேண்டும் என்பது தெரிந்தால் அப்படி எழுத மாட்டார்கள். தன் துணியைத் தானே துவைத்து, அலுமினியச் சட்டியில் முட்டை பொரித்துத் தின்று, இரண்டு ஆண்டு முடிந்ததும் கல்லூரிக்குத் திரும்பும் பையன் அவன். இவனா பாதிரியார்?

அப்படியானால் தமிழில் என்ன சொல்? புதிதாக எதையும் படைக்க வேண்டாம். மூப்பர். தமிழ் விவிலியம் இதை எப்போதோ தீர்த்துவைத்துவிட்டது. 1 தீமோத்தேயு 5ஆம் அதிகாரத்தில் அதே கிரேக்கச் சொல் இரண்டு பொருளிலும் வருகிறது. முதல் வசனத்தில் வயதைக் குறிக்கிறது. அங்கே ‘முதிர்வயதுள்ளவன்’ என்று போட்டார்கள். 17ஆம் வசனத்தில் பொறுப்பைக் குறிக்கிறது, அங்கே ‘மூப்பர்கள்’. தீத்து 1:5 இன்னும் தெளிவு: பட்டணங்கள்தோறும் மூப்பரை ‘ஏற்படுத்தும்படி’ பவுல் சொல்கிறார். பொறுப்பைத்தான் ஏற்படுத்த முடியும். முதுமையை யாரும் ஏற்படுத்துவதில்லை. மலைக் கிராமங்களில் ஊர்த் தலைவரை மூப்பன் என்பதிலும் இதே பொருள்தான். சபையின் தமிழ் வெளியீடுகளும் மூப்பர் என்றே அச்சிடுகின்றன. அதைப் புரட்டிப் பார்க்கும் பொறுமைகூட இல்லாமல் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுகிறவர்களை என்ன செய்ய?

‘எல்டர் என்றே விட்டுவிட்டால் என்ன, ஸ்பானியர் செய்யவில்லையா’ என்பது இன்னொரு கட்சி. உண்மைதான், ஸ்பானியத்திலும் போர்ச்சுக்கீசியத்திலும் எல்டரை அப்படியே கடன் வாங்கினார்கள். அந்த மொழிகளில் கைக்கெட்டும் சொல்லான அன்சியானோ, அன்சியாவ் என்பவை அன்றாடப் பேச்சில் பச்சையாகக் கிழவரையே குறிப்பவை. சாவ் பாவுலோவில் 18 வயதுப் பையனை அப்படி அழைத்தால் தெருவே சிரிக்கும். அவர்களுக்கு அந்த நெருக்கடி இருந்தது. ஜப்பானியர் கடன் வாங்காமல், பௌத்த மடங்களில் மூத்த துறவிக்கு வழங்கிய சோரோ என்ற சொல்லைப் பெயருக்குப் பின்னால் சேர்த்தார்கள். நமக்கும் மூப்பர் தயாராக இருக்கிறது. முதியவரிலிருந்து விலகியும் நிற்கிறது. டப்பிங்கில் உதட்டசைவுக்குப் பொருந்தாது என்ற சாக்கும் செல்லாது. எல்டர், மூப்பர் இரண்டும் யாப்புக் கணக்கில் தேமா, அளவு ஒன்றுதான். முதியவர், பெரியவர் இரண்டும் கருவிளம், அதைவிட நீளம். அவைதான் உதட்டைவிட்டு வெளியே தொங்குகின்றன.

ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். ‘மூப்பர் ஜான்சன்’ என்று முன்னால் வைப்பது ஆங்கில வரிசை. ‘ஜான்சன் மூப்பர்’ என்பதே தமிழ் நடை, ராமசாமி வாத்தியார் போல. திரு, டாக்டர், அருட்தந்தை எல்லாம் முன்னால் நிற்கின்றனவே என்றால், நிற்கின்றன. அந்த வரிசையில் இன்னொன்றையும் ஏன் நிறுத்த வேண்டும்?

பெண் மிஷனரியின் பேட்ஜில் சிஸ்டர் என்று இருக்கும். இதை ‘கன்னியாஸ்திரி’ என்றும் ‘அருட்சகோதரி’ என்றும் எழுதுவது எல்டரைக் கெடுத்ததைவிடப் பெரிய பிழை. துறவற வார்த்தைப்பாடு எதுவும் அவள் எடுக்கவில்லை. திருமணத்தையும் குடும்பத்தையும் மறுமைவரை நீளும் கட்டாகக் கருதும் சபை அது. ‘சிஸ்டர்’ என்றே விட்டாலும் நம்மூரில் கன்னியர் மடமோ ஆஸ்பத்திரியோதான் நினைவுக்கு வரும். சகோதரி போதும்.

அடுத்தது கம்பானியன். மிஷனரிகள் எப்போதும் இருவராகவே இருப்பார்கள். ஒரே அறையில் தங்கி, ஒன்றாகப் போய் ஒன்றாக வர வேண்டும். ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் பட்டியல் வரும்போது ஜோடி மாறலாம். இயேசு சீடரை இரண்டிரண்டு பேராக அனுப்பியதே முன்மாதிரி. அந்த இன்னொருவனைக் காட்டி “இவர் என் துணைவர்” என்று சப்டைட்டில் போட்டால் தமிழ் வாசகர் என்ன புரிந்துகொள்வார்? ரோமர் 16:3இல் ‘உடன்வேலையாட்கள்’ இருக்கிறது. உடன்வேலையாள் நீளமாகத் தோன்றினால் கூட்டாளி.

இந்த இருவரும் ஒருவரையொருவர் முதற்பெயர் சொல்லி அழைப்பதில்லை. பேட்ஜிலும் குடும்பப் பெயர் மட்டுமே. சாவியைத் தொலைத்த இரவில்கூட “மூப்பர், உங்கள் பையில் பார்த்தீர்களா?” என்றுதான் கேட்டாக வேண்டும். அதை “டேய், உன் பையில பாருடா” என்று இயல்பாக்குகிறவர், இருபது வயதின் குறும்பு அந்த இறுக்கமான விளிக்குள் படும் பாட்டையே அழித்துவிடுகிறார்.

வீடு திரும்பிய அன்று, ஸ்டேக் எனப்படும் வட்டாரத்தின் தலைவரைப் பார்க்கப் போவான். அவர் பணியிலிருந்து விடுவித்ததும் பேட்ஜ் கழலும். மூப்பர் பொறுப்பு அவனிடமே இருக்கும். விளி மட்டும் அத்தோடு நின்றுவிடும். அந்தக் காட்சிக்குப் பிறகு வரும் வசனங்களில் அவன் ஜான்சன் மூப்பர் அல்ல, ஜான்சன் சகோதரர். வீட்டில் அம்மாவுக்கு இரண்டு ஆண்டு கழித்து மறுபடி வெறும் பெயர்.