குதிரைத்திறன் கூடும்போது பெட்ரோல் லைனின் அளவை முடிவு செய்வது எப்படி?

இன்ஜின் திறனை உயர்த்துவதற்காகப் பட்டறைக்கு வரும் கார்களில், பம்பும் இன்ஜெக்டரும் பெரிதாக மாற்றப்பட்டிருக்க, டேங்கிலிருந்து இன்ஜின் வரை செல்லும் லைன் மட்டும் தயாரிப்பாளர் போட்ட 8 மில்லிமீட்டர் குழாயாகவே இருப்பதை அடிக்கடி காண்கிறேன். வேறு சிலர், இத்தனை குதிரைத்திறனுக்கு இந்த ஏஎன் (ஹோஸ், குழாய்களின் அளவைக் குறிக்கும் எண்) அளவு என்று யாரோ சொன்னதை நம்பி, கடையில் இருப்பதிலேயே தடித்த ஹோஸை வாங்கி வருகிறார்கள். முன்னது பிஸ்டனை உருக்கிவிடக்கூடும். பின்னது பணத்தை விழுங்குவதோடு, உண்மையான அடைப்பு வேறிடத்தில் இருப்பதையும் மறைத்துவிடும். (பந்தயப் பாதைக்கான கார்களைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன். தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்கு மாறாகக் காரை மாற்றுவதை இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது.)

குதிரைத்திறனை முதலில் எரிபொருள் அளவாக மாற்றிக்கொள்ள வேண்டும். டர்போ பொருத்திய பெட்ரோல் இன்ஜின் முழுச் சுமையில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 270 கிராம் எரிபொருள் கேட்கும். டர்போ இல்லாத இன்ஜினுக்கு 200 முதல் 230 கிராம் போதும். டொயோட்டாவின் 3 லிட்டர் 2ஜேஇசட் இன்ஜினை டர்போவுடன் 600 குதிரைத்திறனுக்குக் கொண்டுபோவதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 162 கிலோ, அதாவது சுமார் 220 லிட்டர் பெட்ரோல் தேவைப்படும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் இதோடு 6, 7 சதவீதத்தைச் சேர்க்க வேண்டும். 85 சதவீத எத்தனால் என்றால் 35 சதவீதத்துக்கும் மேல். டைனோவில், அதாவது திறனை அளக்கும் கருவியில், சக்கரத்தில் அளந்த திறனை வைத்துக் கணக்கிடக் கூடாது. இன்ஜினின் கிராங்க் தண்டில் கிடைக்கும் திறனே இங்கு கணக்கு.

ஏஎன் எண் என்பது குழாயின் வெளிவிட்டத்தை அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்காகச் சொல்வது. ஏஎன் 6 என்றால் 3/8 அங்குலம், ஏஎன் 8 என்றால் அரை அங்குலம். பெட்ரோல் ஓடுவதோ உள்விட்டத்தில். ஏஎன் 6 ஹோஸின் உள்விட்டம் ஏறக்குறைய 8.7 மில்லிமீட்டர், பழைய 8 மில்லிமீட்டர் இரும்புக் குழாயின் உள்விட்டம் 6.6 அளவில்தான் இருக்கும். இந்த வித்தியாசம் பார்வைக்குச் சிறியது. ஆனால் குழாயில் ஏற்படும் அழுத்த இழப்பு, விட்டத்தின் ஏறத்தாழ ஐந்தாம் மடிக்குத் தலைகீழாக மாறுகிறது. 5 மீட்டர் நீளத்தில் மணிக்கு 220 லிட்டர் ஓடும்போது பழைய குழாயில் சுமார் கால் பார் இழப்பு வரும். ஏஎன் 6-இல் அது 0.07 பாருக்கு இறங்கிவிடும். ஆகவே பெட்ரோலில் ஓடும் இந்த இன்ஜினுக்கு நேரான ஏஎன் 6 குழாய் தடையே அல்ல என்பதுதான் என் முடிவு. எத்தனாலுக்குப் போகும் எண்ணம் இருந்தாலோ, இரட்டைப் பம்ப் வைத்தாலோ ஏஎன் 8 போடச் சொல்வேன்.

கால் பார்தானே என்று ஒதுக்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் ரெயிலுக்குப் பின்னால் இருக்கும் அமைப்பில், லைனில் இழக்கும் அழுத்தத்தையும் பம்ப்தான் சுமக்க வேண்டும். அடிப்படை 3 பார், டர்போ பூஸ்ட் (டர்போ காற்றை உள்ளே தள்ளும் கூடுதல் அழுத்தம்) 1.5 பார், லைனிலும் ஃபில்டரிலும் அரை பார் என்றால் பம்ப் 5 பாருக்கு எதிராகத் தள்ளுகிறது. பம்பின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் 3 பாரை ஒட்டியது. 5 பாரில் அது வெகுவாகக் குறையும். பம்ப் தருவது இன்ஜின் கேட்பதைவிடக் குறையும் அந்த நொடியில் ரெயில் அழுத்தம் சரிந்து, கலவை லீன் ஆகி (பெட்ரோல் குறைந்து), ஓட்டுநர் உணரும் முன்பே நாக்கிங், அதாவது கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது, தொடங்கிவிடும்.

நான் பார்த்த பெரும்பாலான அழுத்த இழப்புகள் லைனை இணைக்கும் ஃபிட்டிங்குகளில்தான் இருந்தன. பேஞ்சோ போல்ட்டின் (எரிபொருள் உள்ளே ஓடும் துளையிட்ட போல்ட்) சிறு துளைகள், உள்ளே கூர்மையாகத் திரும்பும் 90 டிகிரி ஃபிட்டிங், அடைத்துப்போன ஃபில்டர் ஆகியவற்றை விட்டுவிட்டு ஹோஸை மட்டும் பெரிதாக்கிப் பயனில்லை.

பம்ப் டேங்குக்கு வெளியே இருந்தால், அது உறிஞ்சும் பக்கத்தில் இன்னும் கவனம் தேவை. அங்கே பெட்ரோலைப் பம்புக்குள் தள்ளுவது ஏறக்குறைய 1 பார் வளிமண்டல அழுத்தம் மட்டுமே. 38 டிகிரி வெப்பத்தில் பெட்ரோலின் ஆவியழுத்தமோ 0.6 பாரை நெருங்கிவிடும். மிச்சமிருக்கும் சிறு இடைவெளியையும் குறுகிய ஹோஸ் தின்றுவிட்டால் பெட்ரோல் குமிழியாகும், பம்ப் வெற்றாகச் சுழலும். எனவே உறிஞ்சும் லைன், தள்ளும் லைனைவிட ஓர் அளவு பெரிதாகவும், முடிந்தவரை குட்டையாகவும் இருக்கட்டும். அதில் 100 மைக்ரான் ஃபில்டரும், பம்புக்குப் பின்னால் 10 மைக்ரான் ஃபில்டரும் போடுவது வழக்கம்.

மிஞ்சிய பெட்ரோலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் லைனைச் சின்னதாக விடுவதும் தவறு. ஐடிலில் இன்ஜின் குடிப்பது சொற்பம் என்பதால், பம்ப் தள்ளுவதில் பெரும்பகுதி அந்த வழியாகவே திரும்புகிறது. அது குறுகினால் ரெகுலேட்டரால் அழுத்தத்தை இறக்க முடியாது. பெரிய பம்ப் வைத்தபின் ஐடிலில் அழுத்தம் ஏறியே நிற்கிறதென்றால் ரிட்டர்னைப் பாருங்கள்.

ஹோஸின் பொருளும் முக்கியம். கார்புரேட்டர் காலத்துக் குறைந்த அழுத்த ரப்பர் ஹோஸை இன்ஜெக்‌ஷன் அமைப்பில் போடவே கூடாது. எத்தனால் கலந்த எரிபொருளுக்கு உள்ளே டெஃப்ளான் பூசிய ஹோஸ் ஏற்றது; நிலைமின்சாரம் தங்காதபடி கரி கலந்த வகையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

லைனை மாற்றிய பின், ரெயில் அழுத்தத்திலிருந்து மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள் காற்று செல்லும் பாதை) அழுத்தத்தைக் கழித்து வரும் அளவை, முழு பூஸ்ட்டில் ரெட்லைன் (இன்ஜினின் அதிகபட்ச சுழற்சி வேகம்) வரை பதிவு செய்ய வேண்டும். 3 பாரில் அமைத்தது கடைசிவரை 3 பாரிலேயே நிற்க வேண்டும். அது 0.2 பார் சரிந்தாலும் நான் அந்த ஓட்டத்தை அங்கேயே நிறுத்தி, பம்புக்கு வரும் வோல்டேஜையும் ஃபில்டரையும் பார்த்த பிறகே லைனின் அளவைப் பற்றி யோசிப்பேன்.