மூலையில் ஓடும் கடிகாரம்

கொரியப் போர்க்கள ஆஸ்பத்திரி ஒன்றைச் சுற்றி நடக்கும் ‘மாஷ்’ தொடர் அமெரிக்காவில் 1972 முதல் 1983 வரை ஓடியது. அதில் 1979 நவம்பரில் வந்த ‘லைஃப் டைம்’ எபிசோடில் திரையின் மூலையில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு சிப்பாய்க்கு அயோர்ட்டா, அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய், கிழிந்திருக்கிறது. 20 நிமிடத்துக்குள் ரத்த ஓட்டத்தைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிடும். ஒட்டுப்போட வேண்டிய ரத்தக்குழாய் துண்டோ, பக்கத்தில் தலைக்காயத்தோடு கிடப்பவர் இறந்தால்தான் கிடைக்கும். தொடரின் நாயகன் ஆலன் ஆல்டாவோடு சேர்ந்து இதை எழுதியவர் வால்டர் டிஷெல் என்ற டாக்டர், அது தெரிகிறது.

அந்த 20 நிமிடம் காலுக்கானதில்லை, தண்டுவடத்துக்கானது. ரத்தம் நின்றால் மூளை தாங்குவது சில நிமிடம்தான். தண்டுவடம் ஏறத்தாழ அரை மணி வரை தாக்குப்பிடிக்கலாம். கால் தசையோ 2 மணி நேரம் தாங்கும். கையிலோ காலிலோ பீறிடும் காயத்துக்கு டூர்னிகெட் (ரத்த ஓட்டத்தையே நிறுத்தும் இறுக்கமான கட்டு) கட்டப் பயப்பட வேண்டாம் என்பது இதனால்தான். வயிறு, நெஞ்சுக்குள் கசிவதற்கு வெளியிலிருந்து செய்ய ஒன்றுமில்லை, ஆபரேஷன் தியேட்டர்தான்.

கை, கால் காயத்துக்கு முதலில் அழுத்தம். சுத்தமான துணியைச் சுருட்டிக் காயத்தின் ஆழத்துக்குள் திணித்து, முழங்கையை மடக்காமல் உடம்பு எடையோடு 10 நிமிடம் அழுத்துங்கள். “நின்னுடுச்சா?” என்று நடுவில் தூக்கிப் பார்த்தால் உறைந்த ரத்தமும் பிய்ந்து வரும். துணிமேல் துணி அடுக்கினால் ரத்தம் மறையுமே தவிர நிற்காது. காபித்தூள், மஞ்சள்தூள் வேண்டவே வேண்டாம். தையல் போடுமுன் அதைக் கழுவி எடுப்பதே பெரும்பாடு. குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதீர்கள், அதன் சுற்றுப்புறத்தை அழுத்துங்கள்.

அழுத்தியும் நிற்காவிட்டால் டூர்னிகெட். 4–5 செ.மீ. அகலத் துணியைக் காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டைத் தவிர்த்துக் கட்டி, முடிச்சில் ஒரு வலுவான குச்சியைச் செருகி, பீறிடல் நிற்கும் வரை முறுக்கி, குச்சி அவிழாதபடி கட்ட வேண்டும். கம்பியும் சணலும் தோலை அறுக்கும். அரைகுறையாக இறுக்குவது அதைவிட மோசம்: ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் சிரை அடைபடும், இதயத்திலிருந்து கொண்டுவரும் தமனி திறந்தே இருக்கும், ரத்தப்போக்கு இன்னும் கூடும். ஒழுங்காகக் கட்டினால் வலி உயிர் போகும். அதற்காகத் தளர்த்திவிடாதீர்கள்.

இரண்டாம் உலகப் போரில் கிழிந்த தமனியைக் கட்டி முடிச்சுப் போடப்பட்ட சிப்பாய்களில் பாதிப்பேருக்குக் கால் போனது. கொரியாவில் தைத்து இணைக்கத் தொடங்கியபின் அது சுமார் 13 சதவீதமாகக் குறைந்தது. தையலுக்கு நேரம் தெரிய வேண்டும். டூர்னிகெட் கட்டிய மணியைக் காயம்பட்டவர் நெற்றியிலேயே பேனாவால் எழுதுங்கள்: ‘டூ 10.40’ (‘டூ’ என்றால் டூர்னிகெட்). கட்டின் மேலே போர்வை போட்டு மறைக்காதீர்கள். 12.15-க்கு வந்து சேர்ந்தால் கால் பிழைக்கும் என்று நம்பி நேரே தியேட்டருக்குப் போகலாம். 6 மணி நேரம் தாண்டியிருந்தால் கட்டை அவிழ்ப்பதே ஆபத்து. செத்த தசையிலிருந்து ரத்தத்தில் கலக்கும் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடும்.