ஸ்லட்ஜாகப் போகும் நிக்கலை முதல் தொட்டியிலேயே பிடியுங்கள்

அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம் என்று எந்தப் பக்கம் போனாலும், சிறிய நிக்கல் பிளேட்டிங் (நிக்கல் முலாம் பூசும்) பட்டறைகளில் அடிக்கடி காணும் அமைப்பு ஒன்றுதான்: எல்லாத் தொட்டிகளின் அலசு நீரும் ஒரே குழாயில் விழுந்து ஈடிபி எனும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். அங்கே காஸ்டிக்கோ சுண்ணாம்போ போட்டு பி.எச். அளவை 10-க்கு மேல் ஏற்றினால் நிக்கல் பச்சைச் சேறாக, அதாவது ஸ்லட்ஜாக, படியும். லிட்டருக்கு 3 மில்லிகிராம் என்ற வெளியேற்ற வரம்புக்குள் வந்துவிடலாம். ஆனால் இரும்பும் துத்தநாகமும் குரோமியமும் சுண்ணாம்பும் சேர்ந்துவிட்ட அந்தச் சேற்றிலிருந்து நிக்கலைப் பிரிப்பது சிறு பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. காசு கொடுத்து வாங்கிய உலோகத்தை, மறுபடி காசு கொடுத்து கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவுக் கிடங்கில் புதைக்க அனுப்புகிறோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமான வாட்ஸ் வகை பாத்தில் (முலாம் பூசும் கரைசல் தொட்டியில்) லிட்டருக்குச் சுமார் 70 கிராம் நிக்கல் இருக்கும். ஜிக்கிலும் (பாகங்களை மாட்டும் சட்டம்) பாகங்களிலும் ஒட்டிக்கொண்டு மணிக்கு ஒரு லிட்டர் கரைசல் வெளியேறினால், 8 மணி நேர ஷிப்டில் 560 கிராம் நிக்கல் போய்விடும். நிக்கல் சல்பேட் உப்பாகச் சொன்னால் இரண்டரை கிலோ, அதுவும் ஒவ்வொரு நாளும்.

செலவே இல்லாத மீட்பு, ஜிக்கைத் தூக்குபவர் கையில் இருக்கிறது. பாத்துக்கு மேலேயே 10 முதல் 15 விநாடி வடிய விட வேண்டும். தொட்டிக்கு மேல் ஜிக்கை மாட்டி வைக்க ஒரு கம்பி கட்டிக் கொடுத்தால்தான் இது நடக்கும்; கை வலிக்கும்போது யாரும் விநாடி எண்ண மாட்டார்கள். குழிவான பாகங்களைக் கரைசல் தேங்காதபடி சாய்த்து மாட்டுங்கள்.

அடுத்தது அலசும் முறை. கடைசி அலசு நீரில் நிக்கல் லிட்டருக்கு 70 மில்லிகிராமுக்கு, அதாவது பாத்தில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு இறங்க, ஒரே தொட்டி என்றால் மணிக்கு 1000 லிட்டர் ஓட வேண்டும். இரண்டு தொட்டி வைத்து, பொருள் போகும் திசைக்கு எதிர்த்திசையில் தண்ணீரை விட்டால் 32 லிட்டர் போதும். மூன்று தொட்டி என்றால் 10 லிட்டர்தான். டேங்கர் தண்ணீர் வாங்கும் ஊரில் இது ஒன்றே தொட்டிச் செலவை நியாயப்படுத்தும். அந்த மூன்றில் முதல் தொட்டி நீரில் லிட்டருக்கு 7 கிராம் நிக்கல் சேர்ந்திருக்கும். 55 டிகிரி பாத்தில் ஆவியாகிக் குறையும் அளவுக்கு இந்த நீரையே ஊற்றி நிரப்பலாம். ஆனால் பாத்தை விட்டு வெளியேறாத செம்பும் இரும்பும் பிரைட்னர் (பளபளப்பு தரும் ரசாயனம்) சிதைவும் அங்கேயே குவியும். முன்பைவிட அடிக்கடி கார்பன் போட்டு வடிகட்டவும், குறைந்த மின்னோட்டத்தில் டம்மி ஓட்டவும் (வீண் தகட்டில் அசுத்த உலோகத்தைப் படிய வைக்கவும்) வேண்டியிருக்கும்.

ஒரே தொட்டியோடுதான் ஓட்ட முடியும் என்பவர்கள் அலசு நீரிலுள்ள நிக்கலைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் மணிகள் நிரப்பிய தூண் வைக்கிறார்கள். நம் ஊரில் அது சறுக்கும் இடம் போர்வெல் தண்ணீர். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை என்றால் 6 மில்லி ஈக்விவலன்ட் (ரெசினில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று அளக்கும் அலகு) கால்சியமும் மெக்னீசியமும் இருக்கும். 70 மில்லிகிராம் நிக்கலோ 2.4தான். சாதாரண கேட்டயான் (நேர்மின் அயனி பிடிக்கும்) ரெசினில் நிக்கலுக்குக் கிடைக்க வேண்டிய இடத்தில் பெரும்பகுதியைக் கடினத்தன்மையே பிடித்துக்கொள்ளும். பிறகு சல்ஃபூரிக் அமிலம் விட்டு ரெசினைக் கழுவும்போது, அந்தக் கால்சியம் ஜிப்சமாகி ரெசின் மணிகளுக்கு நடுவே உறைந்துவிடும். தூண் அடைத்தபின் ரெசின் மட்டம் என்று பழி சொல்வதில் பயனில்லை. அலசுவதற்கே ஆர்ஓ அல்லது டிஎம் (தாது நீக்கிய) நீர் விடுங்கள். தூணுக்கு முன்னால் 5 மைக்ரான் ஃபில்டரும், பிரைட்னரைப் பிடிக்க ஆக்டிவேட்டட் கார்பனும் அவசியம்.

தூணைக் கழுவிய நிக்கல் கரைசலையும் மூன்று தொட்டி முறையின் முதல் தொட்டி நீரையும் மின்பகுப்பில் தகடாக எடுக்கலாம். ஓர் ஆம்பியர்-மணிக்கு 1.095 கிராம் நிக்கல் என்பது முழுத் திறனுக்கான கணக்கு. நிக்கல் குறையக் குறைய மின்சாரம் ஹைட்ரஜன் குமிழாகப் போகும். லிட்டருக்கு ஒரு கிராமை நெருங்கும்போது நிறுத்தி, மிச்சத்தை ரெசினுக்குத் திருப்பி விடுங்கள். ஆனோடில் அமிலம் உருவாகிக்கொண்டே இருப்பதால் பி.எச். சரியும், 4-ஐ ஒட்டி வைத்திருக்க அவ்வப்போது காரம் சேர்க்க வேண்டும். பாத்திலிருந்து வந்த குளோரைடு இருந்தால் குளோரின் வாயு கிளம்பும். புகைபோக்கி இல்லாமல் ஓட்டவே கூடாது.

இத்தனைக்கும் அடிப்படை, ஒவ்வொரு வகை அலசு நீருக்கும் தனிக் குழாய். சயனைடு அலசு நீர் அமில நீரோடு கலந்தால் ஆளைக் கொல்லும் வாயு வரும். குரோம் நீரையும் எலக்ட்ரோலெஸ் (மின்சாரமின்றிப் பூசும்) நிக்கல் நீரையும் தனியே பிரித்தால்தான் நிக்கல் சுத்தமாகக் கிடைக்கும். எஞ்சும் ஸ்லட்ஜை 2016 அபாயக் கழிவு விதிகளின்படி 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரையில்லாத உலர்த்தும் தொட்டி, பிடித்து வைத்த உலோகத்தை மறுபடி வடிகாலுக்குத் தந்துவிடும்.

தூண் நிரம்பிவிட்டதா என்று பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். வெளிவரும் நீரைச் சிறு குழாயில் பிடித்து, சில சொட்டு அம்மோனியாவும், ஆல்கஹாலில் கரைத்த ஒரு சதவீத டைமெத்தில் கிளையாக்சைமும் விடுங்கள். ரோஜாச் சிவப்பு தெரிந்தால் நிக்கல் கசிகிறது. வால்வை மூடி அடுத்த தூணுக்கு மாற்றுங்கள்.