வலை பின்னும் புழு

“புழுவின் ஆயுளை இரட்டிப்பாக்கியவர்கள் மனிதனுக்கு ஏன் செய்யவில்லை?” கடலூர் முதுநகரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்.

அந்தப் புழுவின் பெயர் சி. எலிகன்ஸ். ஒரு மில்லிமீட்டர் நீளம், இரண்டு மூன்று வார ஆயுள். டாஃப்-2 என்ற மரபணு பழுதானால் அது இரு மடங்கு வாழ்கிறது என்று 1993-இல் சிந்தியா கென்யனின் குழு கண்டது. 1997-இல் கேரி ருவ்கனின் ஆய்வகம் அந்த மரபணுவை ஆராய்ந்தது. அது உருவாக்கும் புரதம், நம் செல்லின் மேலிருந்து இன்சுலினின் சேதியை வாங்கும் இன்சுலின் ஏற்பிக்கு உறவுக்காரன்! உடனடிப் பலன் கேட்காத இத்தகைய ஆராய்ச்சிக்கு நம் பல்கலைக்கழகங்களிலும் தாராளமாக நிதி தர வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். கரையேற்றிய விசைப்படகின் அடிப்பாகத்தைச் சுரண்டுவார்கள். கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக் கிழிசலைப் பின்னுவார்கள். கடலுக்குப் போகும் நாட்களில் இதற்கெல்லாம் நேரமேது?

செல்லிலும் அப்படித்தான். உணவு தாராளமாக இருந்தால் இன்சுலின் போன்ற ஹார்மோன் ஏற்பியைத் தொடும். சேதி கைமாறிக் கைமாறி ஏகேடி என்ற நொதிக்கு வரும். அது டாஃப்-16 என்ற புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஒட்டிவிடும். ஒட்டு விழுந்த டாஃப்-16 உட்கருவுக்கு வெளியிலேயே நிற்கும். ‘வளர், முட்டையிடு’ என்பதுதான் அப்போதைய கட்டளை. சேதி குறைந்தால் ஒட்டும் குறையும். டாஃப்-16 உள்ளே புகுந்து பழுதுபார்க்கும் மரபணுக்களை எழுப்பும்: கோணிப்போன புரதத்தை நிமிர்த்துபவை, ஆக்சிஜன் சேதத்தைத் தடுப்பவை. டாஃப்-16-உடன் பச்சையாக ஒளிரும் புரதத்தை இணைத்து நுண்ணோக்கியில் பார்க்கலாம். செல் முழுக்க மங்கலாகப் பரவியிருந்த பச்சை, புழுவைச் சூடாக்கியதும் உட்கருக்களில் புள்ளி புள்ளியாகத் திரளும். உயிரியலில் இதைவிட அழகான காட்சியை நான் பார்த்ததில்லை. டாஃப்-16-ஐ நீக்கிவிட்டால் கூடிய ஆயுளும் போய்விடும்.

டாஃப்-2-இன் சேதியை எந்த வயதில் தடுக்கிறோம் என்பதும் முக்கியம். இளம்புழுவில் பலமாகத் தடுத்தால் வளர்ச்சியே நின்று, வாய் மூடி, மாதக்கணக்கில் உண்ணாமல் கிடக்கும். வளர்ந்த பிறகு மட்டும் தடுத்தால் ஆயுள் மட்டும் நீளும். இது 2002-இல் தெரிந்தது.

மனிதனில் இதே சேதிப் பாதைதான் சர்க்கரையையும் உடல் வளர்ச்சியையும் கவனிக்கிறது. அதில் இன்சுலினின் சேதியை அடைத்தால் நீரிழிவு வரும். காயகல்பம் என்று புட்டியில் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. கேட்டால் கோபம்தான் வருகிறது. ஈக்வடாரில் வளர்ச்சி ஹார்மோனின் ஏற்பி வேலை செய்யாமல் பிறந்த குள்ளமான மக்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் குறைவது இன்சுலினின் சேதி அல்ல; இன்சுலினுக்கு நெருங்கிய, உடலை வளர்க்கும் ஐஜிஎஃப்-1 என்ற ஹார்மோன்தான் மிகக் குறைவு. புற்றுநோயும் நீரிழிவும் அவர்களுக்கு மிக அரிது. ஆனால் அவர்கள் மற்றவர்களைவிட நெடுநாள் வாழவில்லை.