நர்சிங் சேரும் முன் ‘நோயாளிகள் எங்கே?’ என்று கேளுங்கள்

பிளஸ் டூ முடிவு வெளிவந்துவிட்டால் கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை வரை சுவரெல்லாம் வெள்ளைச் சீருடை போட்ட பெண்ணின் படம்தான். ‘ஒரே ஆண்டில் நர்ஸ், உடனடி வேலை.’ இந்தச் சுவரொட்டியை நம்பி நகையை அடகு வைத்தவர்கள் எங்கள் மாவட்டங்களில் நிறையப் பேர். வார்டில் பணியாற்றிவிட்டு இப்போது நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுப்பவள் என்ற முறையில் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: ஓராண்டில் நர்ஸ் ஆக முடியாது. இரண்டாண்டு ஏ.என்.எம். (துணைச் செவிலியர் படிப்பு), மூன்றாண்டு டி.ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ), நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் ஆகியவற்றில் ஒன்றை முடித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்தவர்தான் சட்டப்படி செவிலியர். ஓராண்டுச் சான்றிதழுடன் கிளினிக்கில் ஊசி போடும் பெண்ணையும் ஊரார் ‘சிஸ்டர்’ என்றுதான் அழைப்பார்கள். ஆனால் அரசு வேலைக்கு அவளால் விண்ணப்பம்கூடப் போட முடியாது.

என்னிடம் ஆலோசனை கேட்டு வரும் பெற்றோர் தவறாமல் கேட்பது, “ரத்தத்தைப் பார்த்தால் இவளுக்கு மயக்கம் வருமே, சரிப்படுமா?” என்பதுதான். அது ஒரு பொருட்டே இல்லை. சில வாரங்களில் பழகிவிடும். நான் பார்ப்பது வேறு. முகம் தெரியாத முதியவருக்கு மலப்பாத்திரம் வைத்து எடுப்பதில் முகம் சுளிப்பாளா? கணக்கு வருமா? 500 மில்லி குளுக்கோஸை 4 மணி நேரத்தில் ஏற்றச் சொல்கிறார் மருத்துவர். மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப் செட் என்றால் நிமிடத்துக்கு 42 சொட்டு. இதை இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கண்ணோடு தவறில்லாமல் போட வேண்டும். ‘சேவை மனப்பான்மை இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டு வரும் பிள்ளைகளைவிட, கணக்கும் பொறுமையும் உள்ள பிள்ளைகள்தான் இந்தத் தொழிலில் நிலைத்து நிற்கிறார்கள்.

அடுத்து கல்லூரி. கட்டடத்தையும் பஸ் வசதியையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது மருத்துவமனையை. பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரிக்குக் குறைந்தது 100 படுக்கை கொண்ட தாய் மருத்துவமனை, அதாவது அதன் சொந்த மருத்துவமனை, இருக்க வேண்டும், ஒரு மாணவிக்கு 3 நோயாளிகள் என்ற விகிதம் வேண்டும் என்பவை இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிகள். படுக்கை மட்டும் இருந்து, அதில் படுக்க ஆள் இல்லை என்றால் அங்கே என்ன கற்றுக்கொள்வது?

ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கள் பகுதியில் நடவு, அறுவடைக் காலங்களில் வயலில் கண்ணாடி விரியன் கடித்து வருகிறவர்கள் உண்டு. விஷம் ரத்தத்தை உறைய விடுகிறதா என்று பார்க்க, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து தொடங்கும். புத்தகத்தில் இது இரண்டு வரி. வார்டில் பார்த்தால்தான் தெரியும்: உறவினர் கூட்டம் கத்திக்கொண்டிருக்கும்போது பதற்றத்தில் நான்காவது நிமிடமே குழாயை எடுத்து ஆட்டிவிடுவார்கள், கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் குழாயில் ரத்தம் பிடித்துவிடுவார்கள். இரண்டிலும் முடிவு தப்பாகப் போகும். இத்தகைய நோயாளியை ஒருமுறைகூடக் காணாமல் நான்காண்டுகளை முடித்துவிட்டு வருகிறவர்களை நான் நேர்காணலில் சந்திக்கிறேன். பாவம், குற்றம் அவர்களுடையது அல்ல.

ஆகவே சேருமுன் ஒரு வேலைநாளில் காலை பத்து மணிக்குச் சொல்லாமல் போய் அந்த மருத்துவமனையின் வார்டுகளைச் சுற்றிப் பாருங்கள். மாணவிகளைத் தனியாக அழைத்து, கடைசியாக எந்தப் பிரசவத்தைப் பார்த்தாய் என்று கேளுங்கள். கல்லூரி எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைந்ததா என்பதைப் பல்கலைக்கழகப் பட்டியலில் சரிபாருங்கள். அலுவலக மேசையில் உள்ளவர் சொல்வது போதாது.

பட்டம்தான் வேண்டுமா? அரசு மருத்துவமனை ஸ்டாஃப் நர்ஸ் பணிக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வை டிப்ளமோ முடித்தவரும் எழுதலாம். அரசு நர்சிங் பள்ளியில் டி.ஜி.என்.எம். இடம் கிடைத்தால், கடன் வாங்கித் தனியாரில் பி.எஸ்சி. சேர்வதைவிட அதுவே மேல் என்பேன். பின்னால், டிப்ளமோ முடித்தவர்களுக்கான இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டமும் வாங்கலாம். ஆசிரியர் பணி, எம்.எஸ்சி. என்று எண்ணம் இருந்தால் நேராகப் பட்டம் நல்லது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் என்றால் டிப்ளமோ, பட்டம் இரண்டுக்கும் தமிழக அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும்.

சம்பளத்தைப் பற்றி மறைத்துப் பேச வேண்டாம். உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் 2016-இல் அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. டெல்டாவின் சிறு நகரங்களில் அதைக் கொடுக்காத இடங்களே எனக்கு அதிகம் தெரியும். சில இடங்களில் அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு பாண்டு (இத்தனை காலம் இங்கேயே வேலை செய்வேன் என்ற ஒப்பந்தம்) எழுதச் சொல்வார்கள். நகல் மட்டும் கொடுங்கள்.

வெளிநாட்டுக் கனவு உள்ளவர்கள் மொழிக்கும் சேர்த்துக் காலமும் பணமும் ஒதுக்க வேண்டும். ஜெர்மனி என்றால் ஜெர்மன் மொழியில் பி2 நிலை, அதாவது சரளமாகப் பேசி எழுதும் அளவுத் தேர்ச்சி, தேவை. தரகரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன், நர்ஸ்களை அயல்நாடுகளுக்கு அனுப்பும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள். அவர்கள் கேட்கும் பணி அனுபவம் எத்தனை ஆண்டு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்த மறுநாளே விமானம் ஏறலாம் என்று தரகர் சொல்வது உண்மையா என்று அதிலேயே தெரிந்துவிடும்.